லூக்கா பிரெசெலின் 11 ஆண்டுகள்: பொள்ளாச்சி அப்பா ஒருவர் கேட்ட கேள்விக்காக ஒரு நிகழ்வு ஆய்வு

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தை அள்ளி வந்து கோயமுத்தூரில் கொட்டிக்கொண்டிருந்த நேரம். எங்கள் ஸ்னூக்கர் சென்டரில் இருப்பது இரண்டே டேபிள். இரண்டின் துணியும் காலையிலேயே கனத்துக் கிடந்தன. பிரஷ் போட்டு, அயர்ன் ஓட்டி முடித்து நிமிர்ந்தால் வாசலில் ஒருவர் நிற்கிறார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் நாலு இளநீர். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கி, எங்களிடம் ஆட வருகிற பையனின் அப்பா.

உட்காரச் சொன்னேன். உட்காராமலே கேட்டார்: "ஏனுங்ண்ணா, அந்த பெல்ஜியத்துப் பையன் 16 வயசுலயே புரொபஷனலாப் போயிட்டானாமா? இவனுக்கு வர்ற தையில 16 முடியுதுங்க. இப்ப உட்டா லேட்டாயிருமுங்களா?"

அவர் கேட்டது லூக்கா பிரெசெலைப் பற்றி. பையனின் போனில் முகப்புப் படமே பிரெசெல்தான். வீட்டில் சோறு உண்ணும்போதும் அவர் கதைதான் ஓடுகிறது போல. அப்பாவுக்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பையனின் படிப்பும் ஒரு குடும்பத்தின் பணமும் தொங்குகிற கேள்வி அது. "ரெண்டு வாரம் குடுங்க, எழுதி வெச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். அப்படி எழுதிவைத்ததைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். பிள்ளையின் கையில் க்யூவை, அதாவது ஸ்னூக்கர் கோலைக் கொடுத்துவிட்டு, இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் திருப்பூரிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஆள் யாரென்று பார்த்துவிடுவோம். லூக்கா பிரெசெல் 1995 மார்ச் 8-ல் பெல்ஜியத்தின் டில்சன்-ஸ்டாக்கம் என்ற சிற்றூரில் பிறந்தவர். 2009-ல், 14 வயதில், 19 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். 2011-ல், 16 வயதில், தொழில்முறைச் சுற்றுக்குள் வந்தார். மறு ஆண்டே ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் உலக சாம்பியன்ஷிப் ஆடினார். அன்று அவருக்கு வயது 17 ஆண்டு 45 நாள். அந்த அரங்கில் அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை. 1986-ல் ஸ்டீஃபன் ஹெண்ட்ரி வைத்திருந்த சாதனையை அதில் முறியடித்தார். 2023-ல் அதே அரங்கில் உலக சாம்பியன் ஆனார். ஐரோப்பாவின் பெருநிலத்திலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆள் அவர். பரிசு 5 லட்சம் பவுண்டு. நம் கணக்கில் ஏறக்குறைய 5 கோடி ரூபாய்.

கதையை இப்படி ஒரே மூச்சில் சொன்னால், பொள்ளாச்சி அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். 16-ல் போனார், 17-ல் குரூசிபிள், பிறகு உலக சாம்பியன். எல்லாம் ஒரே நேர்கோட்டில் நடந்தது போலத் தோன்றும். எனக்குப் பட்டது வேறு. 2012-க்கும் 2023-க்கும் நடுவில் இருக்கிற 11 வருசத்தை யாரும் பையன்களுக்குச் சொல்வதில்லை. பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

2012: கதவு திறந்தது

அந்தக் காலத்துத் தகுதிச் சுற்று படிக்கட்டு மாதிரி இருந்தது. தரவரிசையில் கீழே இருப்பவர் முதல் படியிலிருந்து ஏறி வர வேண்டும். மேலே இருப்பவர் கடைசிப் படியில் வந்து நின்றால் போதும். பிரெசெல் கீழிருந்து ஏறினார். கடைசித் தகுதி ஆட்டத்தில், அனுபவம் மிகுந்த மார்க் கிங்கை வென்று குரூசிபிளுக்குள் நுழைந்தார். அங்கே முதல் சுற்றில் ஸ்டீஃபன் மகுவைர் அவரை 10-5 என்று தோற்கடித்தார். இந்த எண்கள் ஃபிரேம் கணக்கு. பந்துகளை அடுக்கி, முடியும்வரை ஆடுகிற ஒரு தனி ஆட்டம்தான் ஃபிரேம்.

அந்த வருடக் கடைசியில் யுகே சாம்பியன்ஷிப்பில் கால் இறுதி வரை போனார். ஷான் மர்ஃபியிடம் 5-6, கடைசி ஃபிரேமில் தோல்வி. 17 வயதுப் பையனுக்கு இது சாதாரண விசயமில்லை. ஊரில் அவரை வருங்கால உலக சாம்பியன் என்று சொல்லியிருந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் 2013, 2014, 2015, 2016. நான்கு வருடமும் அவர் குரூசிபிளுக்குத் தகுதி பெறவில்லை. மிகச் சின்ன வயதில் உள்ளே வந்தவர் என்ற சாதனை கையில் இருக்க, அந்த அரங்கின் வாசலைக்கூடத் தாண்ட முடியாத நான்கு வருடம். பையனிடம் இதைச் சொன்னபோது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றான்.

இந்த இடத்தில் சுற்றின் கணக்கைச் சொல்லியாக வேண்டும். தொழில்முறைச் சுற்றில் புதிதாக வருகிறவருக்குக் கிடைப்பது இரண்டு வருட அனுமதி. ஆட்டக்காரர்கள் அதை டூர் கார்டு என்பார்கள். சுற்றில் மொத்தம் 128 பேர் அளவில் இருப்பார்கள். இப்போதெல்லாம் தரவரிசை என்பது கடந்த இரண்டு வருடத்தில் சம்பாதித்த பரிசுப் பணத்தின் கூட்டல்தான். கார்டு முடிகிறபோது முதல் 64-க்குள் இருந்தால் தொடரலாம். இல்லையென்றால், வேறு வழியில் இடம் பிடிக்காதவரை, க்யூ ஸ்கூல் என்ற தகுதிப் போட்டிக்குப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 128-ல் 64 என்றால் பாதிப் பேர். 16 வயதில் போகிற பையன் 18 முடிவதற்குள், 20 வருடமாக இதையே தொழிலாக வைத்திருப்பவர்களில் பாதிப் பேரைத் தாண்டியிருக்க வேண்டும். இதைக் கேட்டதும் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

7-1 என்ற முன்னிலை

2017-ல் பிரெசெல் மறுபடி குரூசிபிளுக்கு வந்தார். முதல் சுற்றில் எதிரே ஹாங்காங்கின் மார்க்கோ ஃபூ. பிரெசெல் 7-1 என்று முன்னால் போனார். 19 ஃபிரேம் ஆட்டத்தில் முதலில் 10 எடுப்பவர் ஜெயிப்பார். இன்னும் மூன்று போதும். ஆட்டம் 10-9 என்று ஃபூவின் பக்கம் முடிந்தது.

2018-ல் ரிக்கி வால்டனிடம் முதல் சுற்றில் 6-10. 2019-ல் கேரி வில்சனிடம் 9-10. அந்தக் கடைசி ஃபிரேம் 79 நிமிடம் 31 நொடி ஓடியது. குரூசிபிளில் அதுவரை நடந்த ஃபிரேம்களிலேயே நீளமானது. 2020, 2021-ல் மறுபடி தகுதி இல்லை. 2022-ல் தாய்லாந்தின் நோப்பன் சாங்காமிடம் 5-10. ஆக, ஐந்து முறை உள்ளே போய் ஐந்து முறையும் முதல் சுற்றிலேயே வெளியே.

79 நிமிட ஃபிரேம் என்றால் என்ன என்று டேபிள் பக்கம் நிற்காதவர்களுக்குத் தெரியாது. சாதாரணமாக ஒரு ஃபிரேம் கால் மணியிலோ அரை மணியிலோ முடிந்துவிடும். பால்கள், அதாவது பந்துகள், டேபிளின் ஓரத் தடுப்பான குஷனை ஒட்டிப் போய் ஒட்டிக்கொண்டு, யார் முதலில் கை வைத்தாலும் எதிராளிக்குத் திறந்துகொடுத்துவிடும் என்கிற நிலை வந்தால்தான் இப்படி நீளும். க்யூவால் அடிக்கிற வெள்ளைப் பந்தை மெல்லத் தள்ளி பால்க் குஷனை, அதாவது ஆட்டம் தொடங்குகிற பக்கத்து ஓரத்தை, ஒட்டி நிறுத்துவது, எதிராளி அதையே திருப்பிச் செய்வது, மறுபடி நாம். அடித்து ஆடப் பழகியவனுக்குக் கையும் காலும் பரபரக்கும். பிரெசெல் அடித்து ஆடுகிற வகை. யோசிக்காமல் அடிக்கிற மாதிரித் தெரியும், பால் குழிக்குள் போய்க்கொண்டே இருக்கும். பையன்களுக்கு அவரைப் பிடிப்பதும் அதனால்தான். அந்த வேகத்தை 79 நிமிடம் கட்டிப்போட்டால் உள்ளே என்ன நடக்கும் என்பதை எங்கள் டேபிளிலேயே ஒருமுறை பார்த்தேன்.

அப்பா வந்துபோன வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. பையனுக்கும் எங்கள் பழைய உறுப்பினர் ஒருவருக்கும் 7 ஃபிரேம் ஆட்டம். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 60-ஐத் தாண்டியவர். லாங் பாட் என்று, தூரத்துப் பந்தைக் குழிக்குள் அடிக்கிற எதையும் தொடமாட்டார். பையன் அரை மணியில் 2-0, அடுத்த இருபது நிமிடத்தில் 3-0. அப்புறம் ஐயா வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கு முன்பும் டேபிளை ஒரு சுற்று நடந்தார். வெள்ளையை பிரவுன் பந்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தார். பையனின் இடது கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியில் ஊன்றும்போது விரல்கள் பரந்து, அழுத்தி, நகம் வெளுத்திருக்கும். முதல் மூன்று ஃபிரேமில் அப்படித்தான் இருந்தது. நான்காவதில் விரல் நுனி மட்டும் தொட்டது. ஐந்தாவதில் சாக் தேய்ப்பதை இரண்டு முறை மறந்தான். ஆறாவதில் நின்றபடியே குனிந்து அடித்தான், ஒரு அடி கூட நகர்ந்து பார்க்கவில்லை. 4-3 என்று ஐயா ஜெயித்தபோது பையன் கைகொடுத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் நெடுநேரம் வரவில்லை.

அவன் ஆட்டத்தில் குறை என்று சொல்ல அன்று ஒன்றுமில்லை. ரெட்டும் பிளாக்கும் மாறி மாறி நன்றாகவே போட்டான். முன்னால் இருக்கும்போது காத்திருப்பது எப்படி என்பதுதான் அவனுக்குப் பழக்கமில்லை. அதை எந்தக் கோச்சும் வாயால் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. 7-1-ல் இருந்து தோற்ற பிரெசெலுக்கு அப்போது 22 வயது, சுற்றில் ஆறாவது வருடம்.

நடுவில் விளைந்தவை

அந்த 11 வருடமும் வறட்சி என்று நினைத்துவிடக் கூடாது. 2016-ல் பெர்லினில் ஜெர்மன் மாஸ்டர்ஸ் இறுதிக்குப் போனார், மார்ட்டின் கூல்டிடம் 5-9. 2017-ல் குவாங்சோவில் சீனா சாம்பியன்ஷிப்பை மர்ஃபியை 10-5 என வென்று எடுத்தார். தரவரிசைப் பட்டம் ஒன்றை வென்ற முதல் பெல்ஜியர் அவர். 2012-ல் கடைசி ஃபிரேமில் தன்னை வெளியேற்றிய அதே மர்ஃபி.

2021 டிசம்பர் எனக்கு ரொம்பப் பிடித்த மாதம். யுகே சாம்பியன்ஷிப் இறுதியில் சீனாவின் ஜாவ் ஷிண்டாங்கிடம் 5-10 என்று தோற்றார். அவ்வளவு பெரிய இறுதியில் தோற்றவர் ஒரு மாதம் வீட்டில் படுத்துக்கொண்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அவர் அடுத்த ஞாயிறே ஸ்காட்டிஷ் ஓப்பன் இறுதியில் ஜான் ஹிக்கின்ஸை 9-5 என வென்றார். ஒரு வாரம்தான் இடைவெளி. தோல்வியின் சூடு அடங்குவதற்குள் அடுத்த ஆட்டம் கிடைப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று நம் ஊர்ப் பையன்களை வைத்துப் பார்த்தால்தான் புரியும். இங்கே ஒரு மாநிலப் போட்டியில் முதல் சுற்றில் தோற்றால் அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் 19-வது வயதில் நானும் அப்படித் தோற்று, சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் விடிய விடிய விழித்தபடி ஊர் வந்திருக்கிறேன். அடுத்த போட்டி வந்தபோது அந்தத் தோல்வியில் என்ன கற்றேன் என்பதே மறந்துபோயிருந்தது.

அந்த விளையாட்டின் பெரியவர்களையும் இதே கண்ணால் பாருங்கள். ரோனி ஓ'சல்லிவன் 1992-ல் 16 வயதில் தொழில்முறைக்கு வந்தார். வந்ததும் பிளாக்பூலில் தகுதிச் சுற்றுகளில் 76 ஆட்டம் ஆடினார், 74-ல் ஜெயித்தார். ஜெயித்த 74-ஐத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் 76 என்ற எண்ணைத்தான் பையன்களுக்குச் சொல்வேன். எங்கள் பையனைப் போன்ற ஒருவன் பல வருடத்தில் ஆடுகிற போட்டி ஆட்டங்களை அவர் அந்தத் தகுதிச் சுற்றுகளிலேயே ஆடிவிட்டார். மறு வருடம், 18 ஆக ஒரு வாரம் இருக்கும்போது, ஹெண்ட்ரியைத் தோற்கடித்து யுகே பட்டத்தை எடுத்தார். அப்படிப்பட்டவருக்கே உலகப் பட்டம் 2001-ல், 25 வயதில்தான் வந்தது. ஹெண்ட்ரி மட்டும் வேகமாக ஏறியவர். 1985-ல் 16 வயதில் வந்து 1990-ல் 21 வயதில் உலக சாம்பியன். அவரை அளவுகோலாக வைத்தால் நம் பிள்ளைகளில் ஒருவரும் தேற மாட்டார்கள்.

2023

முதல் சுற்றில் வால்டனை 10-9 என வென்றார். ஐந்து வருடம் முன்பு இதே அரங்கில் தன்னை 10-6 எனத் தோற்கடித்த அதே வால்டன். குரூசிபிளில் பிரெசெலின் முதல் வெற்றி அது. 28 வயது. பிறகு மார்க் வில்லியம்ஸ், 13-11. கால் இறுதியில் ஓ'சல்லிவன் 10-6 என முன்னால் இருந்தார். கடைசி அமர்வில் பிரெசெல் தொடர்ந்து ஏழு ஃபிரேம் எடுத்து 13-10.

அரை இறுதியில் எதிரே ஸி ஜியாஹுய், 20 வயதுச் சீனப் பையன், குரூசிபிளில் முதல் முறை. 33 ஃபிரேம் ஆட்டம், 17 எடுத்தால் வெற்றி. பையன் 14-5 என்று முன்னால் போனார். அங்கிருந்து பிரெசெல் வரிசையாக 11 ஃபிரேம் எடுத்து 16-14 ஆக்கினார். முடிவு 17-15. அந்த அரங்கில் அவ்வளவு பெரிய பின்னடைவிலிருந்து யாரும் மீண்டு வந்ததில்லை.

இந்த ஆட்டத்தை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் கண் போவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஸி ஜியாஹுய் மேல்தான். 2017-ல் பிரெசெல் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. முன்னிலை கைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக நழுவும்போது நெஞ்சில் என்ன ஓடும் என்பது எதிரே டேபிளில் நின்றவருக்கு நன்றாகத் தெரியும். அதை ஏற்கெனவே 10-9 என்று அனுபவித்தவர் அவர். 14-5-ல் பின்னால் இருந்தபோது அவர் பதறாமல் அடித்தாரே, அது 2017-ல் தோற்று வாங்கிய பாடம் என்றுதான் நான் படிக்கிறேன்.

இறுதியில் மார்க் செல்பி. செல்பி ஒரு ஃபிரேமில் 147 அடித்தார், ஒரே தொடரில் எடுக்கிற உச்சப் புள்ளி அது. குரூசிபிள் இறுதி ஒன்றில் 147 அடிக்கப்பட்டது அதுவே முதல் முறை. 16-10 என இருந்த பிரெசெலை 16-15 வரை விரட்டினார். மறுபடி நழுவுகிற முன்னிலை. இந்த முறை பிரெசெல் 18-15 என முடித்தார். முடித்த பிரேக், அதாவது விடாமல் ஒரே தொடரில் எடுத்த புள்ளி, நூறைத் தாண்டியது.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் போட்டிக்கு முன் பயிற்சியே அதிகம் செய்யவில்லை, ஆட்டங்களுக்கு நடுவே பெல்ஜியத்தில் வீட்டுக்குப் போய் வந்தேன் என்று பிரெசெலே சொன்னார். எங்கள் சென்டரில் பையன்கள் இதை மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். "பிராக்டிஸே இல்லாம உலக சாம்பியன், அண்ணா!" என்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். 12 சீசன் சுற்றில் ஆடிய ஆட்டங்கள் கைக்குள் ஊறிப்போன ஒருவர் இரண்டு வாரம் ஓய்வெடுப்பது வேறு. இன்னும் ஊறவே தொடங்காத பையன் க்யூவைப் பெட்டியில் வைத்துவிட்டு ஊர் சுற்றுவது வேறு. நிறைந்த கிணறு இரண்டு நாள் இறைக்காவிட்டாலும் நிறைந்தே இருக்கும். தோண்டிக்கொண்டிருக்கிற கிணற்றில் வேலையை நிறுத்தினால் ஊற்று வராது.

வீட்டுக்குப் போய் வந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். டில்சன்-ஸ்டாக்கமுக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்னக் கடல். பொள்ளாச்சிக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் பாதி உலகம். நம் நாட்டின் பங்கஜ் அத்வானி 2012-ல் தொழில்முறைச் சுற்றுக்குப் போனார். போகும்போதே பல உலகப் பட்டங்களை வென்றவர், 27 வயது. 2013 வெல்ஷ் ஓப்பனில் கால் இறுதி வரை ஆடினார். 2014-ல் கார்டை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பிறகும் பட்டங்களை அள்ளினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆதித்ய மேத்தா 2013-ல் டெல்லியில் இந்தியன் ஓப்பன் இறுதிக்கே போனார், டிங் ஜுன்ஹுயிடம் 0-5. திறமையில் இவர்கள் இருவருக்கும் குறையில்லை. வீட்டைவிட்டு வருடக்கணக்கில் இங்கிலாந்தில் வாழ்வது க்யூ பிடிப்பதைவிடக் கஷ்டமான பயிற்சி.

டேபிளே வேறு என்பது இன்னொன்று. அங்கே பெரிய போட்டிகளில், துணிக்குக் கீழே இருக்கிற ஸ்லேட் கல்லுக்கு அடியில் ஹீட்டர் ஓடும். துணி காய்ந்து, மெல்லியதாக, பால் வழுக்கிக்கொண்டு போகும். நம் ஊர் ஆடி ஈரத்தில் ஊறிய துணியில் பழகிய கை, அதே பலத்தோடு அடித்தால் வெள்ளை ஒன்றரை அடி தாண்டிப்போய் நிற்கும். அந்த ஒன்றரை அடியில் பிரேக் முடிந்துவிடும். இத்தனைக்கும் இந்த ஆட்டத்தின் சட்டதிட்டம் 1880-களில் எழுதப்பட்டது நமக்குத் தலைக்கு மேலேயே இருக்கிற ஊட்டி கிளப்பில். மேட்டுப்பாளையத்தில் ரயிலேறினால் அரை நாளில் போய்விடலாம்.

அதனால் இங்கிருந்து எதுவுமே முடியாது என்று சொல்ல வரவில்லை. 2025 நவம்பரில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் ஐபிஎஸ்எஃப் என்ற சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பின் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். இறுதியில் ஹாங்காங்கின் ங் ஆன்-யீயை 3-2 என வீழ்த்தினார். நம் மாநிலத்துப் பெண், 23 வயது. இங்கேயே வளர்ந்து அந்த உயரத்தைத் தொட்டிருக்கிறார்.

அப்பாவுக்குச் சொன்னது

இரண்டு வாரம் கழித்து அப்பாவும் பையனும் சேர்ந்து வந்தார்கள். நான் முதலில் பையனின் நோட்டைக் கேட்டேன். ஆடிய ஆட்டங்களைக் குறித்து வைக்கச் சொல்லியிருந்தேன். ஒரு வருடத்தில் அவன் ஆடிய போட்டி ஆட்டம் 11. ஒன்றுகூட 7 ஃபிரேமைத் தாண்டியதில்லை. 11 ஆட்டம் ஆடிய கையை 128 பேர் நடுவில் இரண்டு வருடக் கார்டோடு விடுவது அவனுக்குச் செய்கிற உதவி ஆகாது என்றேன். வயசை எண்ண வேண்டாம், ஆட்டத்தை எண்ணுங்கள் என்றேன். மாநில அளவில் கிடைக்கிற ஒவ்வொரு போட்டியும், தேசிய அளவில் 18 வயதுக்குட்பட்டோர், 21 வயதுக்குட்பட்டோர் போட்டிகளும், இன்னும் நாலைந்து வருடம். படிப்பும் கூடவே ஓடட்டும். 21-ல் க்யூ ஸ்கூலுக்குப் போனாலும் ஒன்றும் லேட் இல்லை. ஆசியாவுக்கென்று பாங்காக்கில் அது நடக்கத் தொடங்கிவிட்டது, இங்கிலாந்துவரை போகக்கூட வேண்டாம்.

அப்பா கொஞ்ச நேரம் டேபிளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "நெட்டை மரம் பாளை உடறதுக்கு ஆறேழு வருசம் ஆகுமுங்க. குட்டை மரம்னா மூணு, நாலுல வந்துரும். தோப்புல ரெண்டும் வெச்சிருக்கேன். இவன் எதுன்னு இப்பவே எப்படிங்க தெரியும்?" என்றார்.

எனக்கும் தெரியாது என்பதை மறைக்காமல் சொன்னேன். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழியை மட்டும் சொன்னேன். இனி மாதம் ஒரு ஞாயிறு எங்கள் சென்டரிலேயே 19 ஃபிரேம் ஆட்டம். காலை 10 மணிக்கு ஒன்பது ஃபிரேம், மாலை 5 மணிக்கு மீதி. குரூசிபிள் முதல் சுற்று எப்படியோ அப்படியே. டேபிள் வாடகை வாங்கமாட்டேன். முதல் ஆட்டத்துக்கு வங்கி ஐயாவே வரச் சம்மதித்துவிட்டார்.

ஆவணி முதல் ஞாயிறு அது நடந்தது. காலை அமர்வு முடியும்போது பையன் 6-3 என்று முன்னால் இருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு அப்பா அவனைப் பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். சரியாகச் சாப்பிடவில்லை என்று வந்து சொன்னார். மாலையில் ஐயா நாலு ஃபிரேம் வரிசையாக எடுத்து 7-6 ஆக்கினார். பையனின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 14-வது ஃபிரேமில் விரல்கள் மறுபடி பரந்து ஊன்றின. குனிவதற்கு முன் டேபிளை ஒரு சுற்று நடந்தான். ஒரு ரெட்டை விட்டுவிட்டு வெள்ளையைப் பால்க்குக்குத் திருப்பி, பச்சைக்குப் பின்னால் நிறுத்தினான். அந்த ஃபிரேம் 50 நிமிடம் ஓடியது. அவன்தான் எடுத்தான்.

ஆட்டத்தை ஐயா 10-8 என்று ஜெயித்தார். மணி ஒன்பதரை ஆகியிருந்தது. பையன் பாத்ரூமுக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து 12 என்று எண் போட்டு எழுதத் தொடங்கினான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அப்பா வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டார். "இருங்கப்பா, 14-வது ஃபிரேமை எழுதிட்டு வந்தர்றேன்" என்றான்.